நமது வாசகசாலையும் இவ்வாண்டுப் படிப்பும்

(விஜயதசமி நன்னாளில், வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களைச் சார்ந்த நம் சங்கத்தார் கூடிய கூட்டத்தில் வாசகசாலைக் கமிட்டியின் சார்பாக நிகழ்த்திய சொற்பொழிவு. அங்கத்தினர் பலர் விரும்பியவாறு இங்கு வெளியிடப்படுகின்றது.)



நேற்றுச் சரஸ்வதி பூசை. நமது வாசகசாலைப் புத்தகங்களைத் துடைத்து அடுக்கி, மஞ்சள் குங்குமம் இட்டு, பொரி கடலை படைத்து வணங்கினோம். அன்றைய தினம் புத்தகத்தைத் தொடலாகாது, படிக்கலாகாது என்பது நம் முன்னோர் வழக்கம். அவ்வழக்கத்தைக் குறைகூற யாம் இங்கு வரவில்லை. ஆயினும் நம் அங்கத்தினரிற் சிலர் அவ்வொருநாள் நோன்பை ஆண்டு முந்நூற்றறுபத்தைந்து நாளும் வழுவாது அனுஷ்டித்து வருகின்றனர் என்பதை வாசகசாலைப் பதிவேடு நன்கு காட்டுகின்றது. சந்தா செலுத்துகின்றனர், புத்தகம் மட்டும் எடுப்பதில்லை. சந்தாவுக்கு வந்தனம். புத்தகத்திற்காகவே இன்று சில வார்த்தைகள் கூற முன்வந்தோம்.

இன்று காலை நெல்லில் விரல் பதித்து அகரம் எழுதிய குழந்தைகளைக் கண்டோம். அவர்கள் எழுதி முடித்ததும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு புத்தகம் கொடுத்தோம். காலஞ்சென்ற ம. இலெ. தங்கப்பா அவர்கள் இயற்றிய ‘சோளக்கொல்லைப் பொம்மை’ என்னும் சிறுவர் பாடல் நூல் அது. 2011-ஆம் ஆண்டில் சாகித்திய அகாடெமியின் சிறுவர் இலக்கியப் பரிசு பெற்றது. தங்கப்பா அவர்கள் புதுச்சேரியிலேயே வாழ்ந்து, ஆசிரியராய்ப் பணியாற்றி, 2018-இல் மறைந்தவர். பெற்றோர் அப்பாட்டுக்களை வாய்விட்டுப் படித்துக் காட்டுதல் வேண்டும். கைப்பேசியைக் கையிற் கொடுத்துச் சோறூட்டும் தாய்மார் ஒருவாரம் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

நிற்க, சென்ற ஆண்டின் நிகழ்ச்சிகளைச் சொல்லுவது எங்கள் கடமை. அவற்றுள் தலையாயது வெள்ளம். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. ஒரு பகல் ஓர் இரவுக்குள் 45 செண்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. சங்கராபரணி பெருகியது ஒருபுறம். இரண்டொரு நாளில் சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை கரைகடந்து பாகூர்ப் பக்கத்து ஊர்களிற் புகுந்தது மற்றொருபுறம். மாடு கன்றையும் நெற்குதிரையும் காப்பதா, புத்தகத்தைக் காப்பதா என்ற நிலையில் எவரும் வாசகசாலையை நினைத்திலர், அது குற்றமன்று. மூன்றாம் நாள் கதவைத் திறந்தபோது கீழ்த்தட்டு இரண்டும் சேற்றில் ஊறியிருந்தன.

அதன்பின் நிகழ்ந்ததைச் சற்று விரித்துரைக்க வேண்டும். ஏனெனில் அது நமக்கு ஒரு பாடமாயிற்று. நம் இளைஞர்கள் மிக்க ஊக்கத்தோடு நனைந்த புத்தகங்களை யெல்லாம் மொட்டைமாடியில் வெயிலிற் பரப்பினர். பைண்டு வேலை தெரிந்த ஒரு பெரியவர் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். படங்கள் நிறைந்த வழவழப்பான தாளுள்ள புத்தகங்கள் வெயிலிற் காய்ந்ததும் ஏடோடு ஏடு ஒட்டிப் பலகைபோலாயின. அவற்றைப் பிரிக்க முயன்றால் எழுத்து ஒருபக்கம், தாள் ஒருபக்கம். சாதாரணத் தாளுள்ளவற்றை அவர் நிழலுக்கு எடுத்துவரச் செய்தார். அட்டை கீழாக, ஏடுகள் விசிறிபோல் விரியும்படி நிறுத்தி, மின்விசிறிக் காற்றை நேரே படாதவாறு திருப்பி, பத்து இருபது ஏட்டுக்கொன்றாய்ப் பழைய செய்தித்தாளைச் செருகி, அது ஈரம் உறிஞ்சியதும் எடுத்து மாற்றி, மறுபடியும் செருகி, இப்படி ஆறுநாட்கள். தாய்மார்கள் வீட்டிலிருந்து பழைய வேட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தனர். சேறு படிந்த அட்டைகளை ஈரமாயிருக்கும்போதே மெல்லக் கழுவிவிட வேண்டும், காய்ந்தபின் துடைத்தால் கறை தாளுக்குள் இறங்கிவிடும் என்பதும் அவரிடம் கற்றதே. பிழைத்தவை பலவும் இன்று கோணலாய், பழுப்பேறி, ஆனால் படிக்கத்தக்கனவாய் அலமாரியில் நிற்கின்றன. நம் சங்கத்தின் பழைய மாதப் பத்திரிகைத் தொகுப்புக்கள் மேல்தட்டில் இருந்தமையால் தப்பின. அவற்றை முன்னோர் அங்கு வைத்தது எவரும் தொடாதிருக்கும்பொருட்டு. வெள்ளத்திற்கும் எட்டாது போயிற்று!

வடகிழக்குப் பருவமழை இன்னும் சில வாரங்களில் தொடங்கும். ஆதலின் கீழ்த்தட்டுக்களைத் தரையினின்று மூன்றடி உயர்த்தத் தச்சருக்குச் சொல்லியுள்ளோம். வேப்பிலையும் வசம்பும் பூச்சிக்கு உதவும். வெள்ளத்திற்கு உயரந்தான் உதவும். வீட்டுப் பரணில் ஓலைச்சுவடி வைத்திருப்போர் எவரேனும் இருப்பின், அதனைப் பூசையறையிற் புகையூட்டி வைப்பதை விடுத்து, அறிந்தோரிடம் காட்டுக. 1955-இல் தோன்றிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் சைவ ஆகமச் சுவடிகள் ஆயிரக்கணக்கிற் பேணப்படுகின்றன. 2005-இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. ஓலையைப் பேணுதற்கேற்ற எண்ணெய் யாது, பூசும் முறை யாது என்பதை அத்தகையோரே சொல்ல வல்லவர். நாமே நல்லெண்ணெய் தடவிக் கெடுத்துவிடலாகாது.

நமது வாசகசாலையின் காலக் கணக்கு நகரத்து நூலகங்களின் காலக் கணக்கன்று. சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் மூன்று பட்டங்களே நமக்குப் பஞ்சாங்கம். நடவு நாளில் வாசகசாலையிற் காரியதரிசியும் பூனையுமே இருப்பர். அறுவடை முடிந்து நெல் விலைபோனதும் பெரியவர்கள் செய்தித்தாள் படிக்க வருவர். பங்குனி முதல் மாணாக்கர் தேர்வுக்காக இரவு பத்துமணிவரை விளக்கெரியும். மாசிமகத்தன்று திருக்காஞ்சிக்குச் சங்கராபரணி நீராட வருவோர் பலர் வழியில் நுழைந்து இளைப்பாறுவர். வைகாசியில் வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேர். பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலே கவர்னரே வந்து வடம் பிடித்ததும், இன்று துணைநிலை ஆளுநர் பிடிப்பதும் யாவரும் அறிந்தவை. அன்று நம் சங்கத்து மோர்ப்பந்தலில் இவ்வாண்டு முதன்முறையாகச் சிறுவர் நூல்களையும் ஒரு பாயில் பரப்பினோம். அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுவோம்.

ஆகஸ்டு 16-இல் மாணவரை அழைத்துக்கொண்டு கீழூருக்குச் சென்றோம். 1954-ஆம் ஆண்டு அக்டோபர் 18-இல் நம் வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில் மக்கட் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்திய நாட்டுடன் இணைவதற்கும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். அதன்படி அவ்வாண்டு நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறிற்று. சட்டப்படி முழு மாற்றம் 1962 ஆகஸ்டு 16-இல் நிகழ்ந்தது. மாணவரில் ஒருவன், “எதிர்த்து வாக்களித்த எட்டுப்பேரை ஊரார் என்ன செய்தனர்?” என்று கேட்டான். நல்ல கேள்வி. எதிர்த்து வாக்களிக்க எட்டுப்பேர்க்கு இடம் இருந்தது என்பதே அந்நாளின் பெருமை என்று சொன்னோம். தை மாதப் பொதுக்கூட்டத்தில் நமக்கும் ஒரு வாக்கெடுப்பு இருக்கின்றது. அங்கும் அவ்வாறே இருக்கட்டும்.

இனி, படிக்கத்தக்க நூல்களைப் பற்றி.

நம் இரு கொம்யூன்களுக்கும் பொதுச்சொத்தாக ஒரு கவிஞர் வாய்த்தார். 1915-இல் வில்லியனூரிற் பிறந்து, பாகூரை யடுத்த சேலியமேட்டில் வாழ்ந்து, 1974-இல் மறைந்த கவிஞரேறு வாணிதாசன் அவர்களே அவர். இயற்பெயர் அரங்கசாமி, பாவேந்தர் பாரதிதாசனாரிடம் தமிழ் கற்றவர், பள்ளியாசிரியர். ‘தமிழச்சி’, ‘கொடிமுல்லை’ என்பன அவருடைய காவியங்கள். ‘எழிலோவியம்’, ‘தொடுவானம்’ முதலியன பாட்டுத் தொகுதிகள். அவரைத் தமிழகத்தின் வோர்ட்ஸ்வொர்த் என்பர். அப்பட்டம் எமக்கு அவ்வளவு உவப்பன்று. ஆங்கிலக் கவிஞன் கண்டது ஏரிநாட்டு மலையும் மேகமும். நம்மவர் கண்டது பாகூர் ஏரியும், வரப்பும், களையெடுக்கும் பெண்டிரும். அளவுகோல் எதற்குக் கடல்கடந்து வரவேண்டும்? சேலியமேட்டு வழியாக நாள்தோறும் பேருந்தில் போய்வரும் நம் பிள்ளைகள் பலர் அவர் பெயரைப் பாடப்புத்தகத்தில் மாத்திரம் கண்டு, அவர் தம் பக்கத்தூரார் என்பதை அறியாதிருக்கின்றனர். ‘தமிழச்சி’யை முதலில் எடுக்க. அதிலுள்ள சீர்திருத்தக் கொள்கை சில பெரியவர்களுக்குக் கசக்கலாம்; கசந்தாலும் தமிழ் இனிக்கும்.

பாவேந்தரின் ‘அழகின் சிரிப்பு’ம் ‘குடும்ப விளக்கு’ம் வாசகசாலையில் இரண்டிரண்டு பிரதிகள் உள்ளன. ‘குடும்ப விளக்கை’ மணமக்களுக்குப் பரிசளிக்கும் பழக்கம் ஒருகாலத்தில் இருந்தது. இப்போது சுவர்க்கடிகாரம் பரிசளிக்கின்றோம். ஒரே வீட்டில் ஏழு கடிகாரம் ஏழு மணி காட்டுவதை யாம் கண்டதுண்டு.

ஆனந்தரங்கப் பிள்ளை அவர்களின் நாட்குறிப்பைப் பற்றி விரித்துச் சொல்ல விரும்புகின்றோம். 1709-இற் பிறந்து, துய்ப்ளேக்சு துரையிடம் தலைமைத் துபாஷியாய் விளங்கியவர் பிள்ளை. 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் எழுதத் தொடங்கி, 1761 சனவரியில் தாம் உயிர் நீங்கும் வரையில் ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் எழுதிவந்தார். அவர் இறந்து நான்கு நாளில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. அந்நூல் இலக்கணத் தமிழன்று. கடைத்தெருவில் பேசிய தமிழ். கப்பல் வந்தது, கப்பல் போனது, துரைசானி கோபித்துக்கொண்டாள், அரிசி விலை ஏறிற்று, இன்ன ஜாதியார்க்கும் இன்ன ஜாதியார்க்கும் வழக்கு வந்தது என்று யாவும் அதில் உண்டு. நம் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததும் அக்காலத்தில்தான். 1749-ஐ ஒட்டிச் சந்தா சாகிபு அவர்களுக்கு இப்பகுதிகளை அளித்தான். இன்று நம் கிராமத்தை அடுத்த கிராமம் தமிழ்நாடு, அதற்கடுத்தது மீண்டும் புதுச்சேரி என்று எல்லை பின்னிப் பிணைந்து கிடப்பதன் காரணம் தேடுவோர் அக்காலத்து வரலாற்றைப் படித்தே தீரவேண்டும். ஆங்கிலத்தில் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாய்ச் சென்னை அரசாங்கத்தார் வெளியிட்டனர்; தமிழ் மூலமும் இப்போது கிடைக்கின்றது. முழுவதும் படிக்க ஓராண்டு செல்லும். அவ்வளவு பொறுமை இல்லாதார், புதுச்சேரி எழுத்தாளர் பிரபஞ்சன் அந்நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு எழுதிய ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்னும் நாவல்களிலிருந்து தொடங்கலாம். பின்னது 1995-இல் சாகித்திய அகாடெமிப் பரிசு பெற்றது.

இதனோடு கி. ராஜநாராயணன் அவர்களையும் சொல்லவேண்டும். இடைசெவலிற் பிறந்து, முதுமையிற் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காற்றியல் பேராசிரியராய் வந்து, 2021-இல் இங்கேயே காலமானவர். கல்லூரிப் பட்டமில்லாத ஒருவர் பேராசிரியரானதை நம் பிள்ளைகள் அறிதல் நன்று. ஆனால் அதைக் காட்டிப் பள்ளிக்குப் போகாமலிருத்தல் நன்றன்று. தம் கரிசல் நாட்டுப் பேச்சுச் சொற்களுக்கு அவர் ஓர் அகராதியே செய்தார். அதைக் கண்டு, நம் வாசகசாலையிலும் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்துள்ளோம். ஏற்றம், மதகு, நாற்றங்கால் பற்றிய நம்மூர்ச் சொற்களும், கொம்யூன், மேர், சொல்தா என்று பிரெஞ்சிலிருந்து நம் பாட்டிமார் நாவில் ஏறிய சொற்களும் அதில் எழுதப்பட்டு வருகின்றன. எண்பது வயதுக்கு மேற்பட்டோர் வந்து சொல்ல, பிள்ளைகள் எழுதுகின்றனர். வர இயலாதார் சொல்லியனுப்பினால் பிள்ளைகள் வீட்டிற்கே வருவர்.

விவசாயிகளுக்கு ஒரு நூல். ஜப்பான் தேசத்து மசனோபு ஃபுகோகா என்பவர் 1975-இல் எழுதிய நூல் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ என்று தமிழில் வந்துள்ளது. உழாமலும் உரமிடாமலும் நெல் விளைவித்ததாக அவர் கூறுகின்றார். அவர் நாட்டு மண்ணும் பனியும் வேறு; சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாய்ப் பாகூர் ஏரிக்கு வரும் நீரை நம்பிப் பயிரிடுவோர் அதை அப்படியே பின்பற்றினால் களைதான் விளையும் என்று நம் அங்கத்தினர் ஒருவர் வாதாடினார். அவ்வாதத்தைக் கேட்க அன்று கூடிய கூட்டம் வேறெந்த நாளும் கூடவில்லை. ஒத்துக்கொள்வதற்கு மட்டுந்தானா புத்தகம்?

கடைசியாக, டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்களின் ‘என் சரித்திரம்’. 1940 முதல் ஆனந்தவிகடனில் வாரந்தோறும் வெளிவந்து, 1942-இல் அவர் மறைந்தமையால் முற்றுப்பெறாது நின்ற நூல். வறுமையிற் படிக்கும் ஒவ்வொரு மாணாக்கனும் இதைப் படித்தல் வேண்டும். யாம் இதனை இன்று எடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 1880-இல் கும்பகோணத்திற்கு உத்தியோகமாய் வந்த சேலம் இராமசாமி முதலியார் அவரைக் கண்டு, சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று வினவினார். அதுவரை சிற்றிலக்கியங்களையும் புராணங்களையும் கரைத்துக் குடித்திருந்த ஐயர் இல்லை என்று சொல்ல நேர்ந்தது. அந்நூலோ சமண நூல். அதன் குறிப்புக்கள் சைவ நூலறிவால் விளங்கவில்லை. ஐயர் என்ன செய்தார்? கும்பகோணத்திலிருந்த சமணர் வீட்டு வாயிலை மிதித்து, அவர்களிடம் பொருள் கேட்டறிந்தார். அவர்களும் ‘நீர் வேறு மதத்தினர்’ என்று கதவடைக்கவில்லை. 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. அன்று அவ்வீட்டார் கதவடைத்திருந்தால்?

இதிலிருந்தே தை மாதத் தீர்மானத்திற்கு வருகின்றோம்.

தேர்த் திருநாளில் மோர்ப்பந்தலில் நூல்களைப் பரப்பினோம் என்றோம். அன்று ஒரு சிறுமி, பத்து வயதிருக்கும், காலை முதல் பிற்பகல் வரை அப்பாயை விட்டு நகரவில்லை. தேர் போயிற்று, கூட்டம் போயிற்று, அவள் போகவில்லை. மறுவாரம் வாசகசாலை வாயிலில் அவளைக் கண்டோம். உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்றவாறே, உள்ளே நம் வீட்டுப் பெண் ஒருத்தி விரித்துப் பிடித்த புத்தகத்தை எட்டிப் படித்துக் கொண்டிருந்தாள். “ஏனம்மா வெளியே நிற்கிறாய்?” என்று கேட்டோம். கதவின்மேல் நம் சங்கத்தார் எழுதி வைத்திருக்கும் பலகையைக் காட்டினாள்: அங்கத்தினர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் மாத்திரம். அவள் நம்மவரல்லள், நம் தெருவினளும் அல்லள். பலகையைப் பிழையறப் படித்தாள். எழுத்தறிவிப்பதற்கென்று வைத்த சாலை, எழுத்தறிந்த குழந்தையை அந்த எழுத்தைக்கொண்டே வெளியில் நிறுத்தியது. அன்றிரவு எமக்கு நல்ல உறக்கமில்லை.

ஆதலால், சாதி மத பேதமின்றி யாவரும் வந்து படிக்கவும், சிறு முன்பணம் கட்டிப் புத்தகம் எடுத்துச் செல்லவும் இடந்தருமாறு கமிட்டி ஒரு தீர்மானம் கொண்டுவருகின்றது. இதை எதிர்ப்போர் நம்முள் உளர். அவர்கள் அற்பர் அல்லர். இந்த வாசகசாலைக்குக் கல் சுமந்தவர்கள். அவர்கள் கூறும் காரணங்களை மறைக்காமல் இங்கே எடுத்துரைப்பது முறை. இது நம் பணம், திருமணந்தோறும் நம்மவர் ஒதுக்கிய மகமையால் எழுந்தது என்பது ஒன்று. பிறர் தம் மண்டபங்களில் நம்மைச் சேர்த்தனரா என்பது மற்றொன்று. புத்தகம் காணாமற் போகும் என்பது வேறொன்று. மாலையில் நம் பெண்மக்கள் வருமிடம் என்பதும் ஒன்று.

கடைசிக் காரணம் கருதத்தக்கதே. மாலை 5 மணி முதல் 6½ வரை பெண்களுக்கும் சிறுவர்க்கும் தனிநேரம் என வைத்தால் அது தீரும். நம் பெண்மக்களே எம்மிடம் வந்து அவ்வாறு யோசனை கூறினர். புத்தகம் காணாமற் போதலைப் பற்றிப் பதிவேட்டைப் புரட்டினோம். இதுகாறும் திரும்பாத புத்தகங்கள் யாவும் அங்கத்தினர் எடுத்தவையே. அந்நியர் எவரும் ஒரு தாளையும் கொண்டுபோனதில்லை. கொண்டுபோக நாம் இடங்கொடுத்ததும் இல்லை.

பணத்தைப் பற்றிச் சொல்லுவோம். விருதுநகரில் நாடார் சமூகத்தார் தம் வியாபார மகமையைக் கொண்டு 1880-களில் க்ஷத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். கோயிற் பிரவேசத்திற்கும் தெருவில் நடமாடுவதற்கும் வழக்காடிக்கொண்டிருந்த காலம் அவர்களுக்கு அது. பிறர் தங்களைச் சேர்த்தனரா என்று கேட்க அவர்களுக்கிருந்த நியாயம் நமக்கிருப்பதினும் பெரிது. ஆயினும் பள்ளியின் கதவை எல்லாச் சாதிப் பிள்ளைகட்கும் திறந்தே வைத்தனர். வீட்டுக்கு வீடு பிடியரிசி திரட்டிச் சம்பளமில்லாமல் கற்பித்தனர். காமராசர் படித்தது அப்பள்ளியில். அதனால் அச்சமூகத்தார்க்கு நேர்ந்த குறைவு யாது என்று எவரேனும் காட்டுவாராயின் தீர்மானத்தை மீட்டுக்கொள்வோம்.

புதுச்சேரியிற் கடற்கரையை யடுத்திருக்கும் ரோமன் ரோலண்டு நூலகத்தை நம்மிற் பலர் அறிவர். 1827-இல் தெபசேன் தெ ரிஷ்மோன் என்னும் கவர்னர் தொடங்கியது. தொடக்கத்தில் அது வெள்ளையர்க்கென்றே இருந்தது. பின்னரே நம்மவர்க்குத் திறந்தது. திறவாதிருந்த ஆண்டுகளில் அவ்வாயிலில் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் பலகை படித்துத் திரும்பினரோ! அந்நாள் வெள்ளையன் சொன்ன காரணங்களும் நாம் இன்று சொல்லும் காரணங்களும் பெரிதும் வேறாயிருக்குமென்று எமக்குத் தோன்றவில்லை.

நம் பாகூரின் பெருமை பேசும்போதெல்லாம் பாகூர்ச் செப்பேட்டை எடுத்துக்காட்டுவது நம் வழக்கம். யாமும் பல மேடைகளில் எடுத்துக்காட்டியதுண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், நிலைதாங்கி என்னும் தலைவன் வேண்டுகோளின்படி, வாகூரிலிருந்த வித்தியாஸ்தானத்திற்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்டன. ஆயிரத்து நூறாண்டுக்கு முன்னரே நம்மூரிற் கல்லூரி இருந்தது என்று மார்தட்டுகின்றோம். நன்று. ஆனால் அது வேத சாஸ்திரம் வல்ல அந்தணாளர்க்குரிய கலாசாலை. அம்மூன்று ஊர்களிலும் உழுது விதைத்து அறுத்து அக்கல்லூரிக்கு நெல் அளந்தவர் எவர்? நம் முப்பாட்டன்மாரும் அவர்போன்ற பிறரும் என்று கொள்வதே பொருந்தும். அவர்களுள் ஒருவர் பிள்ளையேனும் அதனுட் சென்று ஓதியிருக்குமா? செப்பேட்டைப் போற்றுவோர் இதையும் சேர்த்து நினைத்தல் வேண்டும். இன்று சாலை நம்முடையது. வாயிலில் நிற்பது வேறொருவர் பிள்ளை.

1931-ஆம் ஆண்டில், மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு மாட்டுவண்டியிற் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாய் அனுப்பினர். நூலகத் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள் அதனைத் தொடங்கிவைத்தார். வரத்து இல்லாத ஊருக்குப் புத்தகமே போய் நின்றது. நமக்கு வண்டி வேண்டியதில்லை. வாசல் வரை வந்தவர்க்கு உள்ளே இடம் வேண்டும். அவ்வளவே கேட்கின்றோம்.

தீர்மானம் தோற்றாலும் கமிட்டி பணியை விட்டுவிடாது என்பதையும் இப்பொழுதே சொல்லிவிடுகின்றோம். மூவர் எதிர்த்தாலும் அவர்தம் காரணத்தோடு மினிட்டுப் புத்தகத்தில் பதிவாகும். வாக்களிக்குமுன் வாசகசாலைக்கு ஒருமுறை வந்து பாருங்கள். பத்தாண்டாய் வராத பெரியவர்கள் கட்டாயம் வாருங்கள். செவ்வாய், வெள்ளி தவிர மற்றைய நாட்களில் மாலை 5 மணிக்கு அச்சிறுமியைப் படியிற் காணலாம். செவ்வாயும் வெள்ளியும் அவள் தன் தாயாரோடு பூக்கட்டச் செல்கின்றாள்.

இன்னும் இரண்டு அறிவிப்புக்கள். புது மரத்தட்டுக்களுக்குப் பலகையாகவோ பணமாகவோ கொடுக்க விரும்புவோர் ஐப்பசி முதல் வாரத்திற்குள் காரியதரிசியிடம் சேர்ப்பிக்க வேண்டும். மழை நமக்காகக் காத்திராது. பிறகு, ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் ஒரு தொகுதி வெள்ளத்திற்கு இரண்டு வாரம் முன்பு வெளிச்சென்றது. அதனால் நனையாமற் பிழைத்தது. ஆனால் இன்றளவும் வீடு திரும்பவில்லை. எடுத்துச் சென்றவர் நம் சங்கத்தின் மதிப்பிற்குரிய அங்கத்தினர். இக்கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். பெயர் சொல்லமாட்டோம். படித்து முடித்திருந்தால் நாளை மாலை கொண்டுவரட்டும். முடிக்கவில்லையெனில் இன்னும் ஒரு மாதம் வைத்துக்கொள்ளட்டும், தாமதக் கட்டணம் வேண்டாம்.